தடைக்காலக் கணக்கு

சித்திரை பிறந்ததும் விசைப்படகுகளைக் கட்டிவிட்டார்கள்.
அறுபத்தோரு நாள்.
மண்டபம் வடகடல் துறையில்
கயிறு மரத்தோடு உரசும் சத்தம்தான் வேலை செய்கிறது.
ஊருக்கு வேலை இல்லாத நாளில்
எனக்கு வேலை கூடும்.

தோள்பையில் நூற்றைம்பது ஆணுறை,
நாற்பது ஜெல் பொட்டலம்,
கடலைமிட்டாய் நாலு,
மூலை மடங்கிய பதிவேடு.
பதிவேட்டில் யாருக்கும் பெயர் கிடையாது.
எண்தான்.

போன மாதம் மதுரையிலிருந்து வந்த சார் கேட்டார்:
இத்தனையா செலவாச்சு?
பாதி நாட்டுப்படகுக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க சார்,
செல்போனை உள்ளே விட்டு முடிச்சுப் போட்டா
உப்புத்தண்ணி ஏறாதாம்.
அவர் பேனாவை மூடிக்கொண்டார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முப்பத்தொன்று தங்கச்சிமடத்துக்காரன்.
டெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள்,
அது அவன் பெயரில்லை.
வயது இருபத்தாறு. கடல் திறந்திருந்தால் இறால் வலை.
மூடினால் ராமேஸ்வரம் லாட்ஜுகள்.
நிவாரணப் பணம் குடும்ப அட்டைக்கு வரும்.
அட்டையிலிருந்து அவனை எடுத்துவிட்டார் அப்பா,
ஊர் பேசிய அந்த வருஷமே.

"உறை வேண்டாம்னா முந்நூறு கூடத் தர்றாங்க அண்ணே.
இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டு
ஈரத் தலையோட வர்ற ஆளு,
நான் சுத்தமானவன்டாங்கிறான்."

நீ என்ன சொன்னே?

"சுத்தமான காசானு பாத்தேன்."

சிரித்தோம். சிரித்த பிறகு
இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

சோதனைக்கு வா என்று
எட்டு மாதமாகக் கூப்பிடுகிறேன்.
விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான்.
"குத்தினா தெரிஞ்சிரும்.
தெரியாத வரைக்கும் எனக்கு இல்ல."
பயிற்சியில் இதற்கெல்லாம் பதில் கொடுத்திருந்தார்கள்.
ஒன்றும் வாயில் வரவில்லை.
கடலைமிட்டாயைக் கொடுத்தேன்.

மண்டபம் ஸ்டேஷன் பெஞ்சு. ராத்திரி ஒன்பது.
என் போனில் அலாரம் அடித்தது.
பையின் பக்கவாட்டு அறையில் மாத்திரை.
தண்ணீர் அவனுடையது.

"சுகரா?"

இல்ல.

பிளாட்பாரத்து நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

"எப்பலேர்ந்து?"

ஆறு வருஷம். தினமும் ஒன்பதுக்கு.
சோதிச்சா ரத்தத்துல அகப்படாத அளவுக்கு
அடங்கிக் கிடக்கு. ஒருநாளும் விடாம
முழுங்குற வரைக்கும்
படுக்கையில என்கிட்டேருந்து யாருக்கும் போகாது.

அவன் பாட்டிலை வாங்கி
வாயைச் சட்டையில் துடைத்தான்.
துடைத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தான்.
"ச்சே, எங்கம்மா குடிச்சாலும் தொடைப்பேன் அண்ணே,
பழக்கதோஷம்"
என்று மிச்சத் தண்ணீரை
அண்ணாந்து குடிக்காமல்
வாய் வைத்தே குடித்து முடித்தான்.
தண்ணீரில் பரவாது என்று
நான் பாடம் எடுக்கவில்லை.
காலி பாட்டில் ரொம்ப நேரம்
அவன் விரல்களில் நொறுநொறுத்தது.

தடை முடிய இரண்டு நாள்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, நம்பிக்கை மையம்.
முடிவெட்டி, இஸ்திரிச் சட்டையில் வந்து நின்றான்.
"போட்டோ எடுப்பாங்களோன்னு நினைச்சேன்."
எடுக்கமாட்டார்கள்.
ஆலோசகர் அக்கா பேசினார். நான் வெளியே இருந்தேன்.
சுவரில் பல்லி ஒன்று
நகரலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தது.

முடிவு என்ன என்று கேட்பீர்கள்.
அது முப்பத்தொன்றின் சொத்து.
கதவைத் திறந்து வந்தவன் சொன்னது மட்டும் சொல்கிறேன்:
"பசிக்குது."

பஸ் ஸ்டாண்டு எதிரில் நாலு பரோட்டா தின்றான்.
கை கழுவி வந்து
அறுபது குடு என்றான்.
எதுக்குடா அவ்வளவு?
"பத்து போனுக்கு.
நாளன்னைக்கு ராத்திரி கடலுக்குப் போறோம்ல."

எண்ணிக் கொடுத்தேன்.
பதிவேட்டில் அறுபது என்று எழுதி
குறிப்பு என்ற கட்டத்தில்
ஒரு சொல் எழுதினேன்:

வந்தான்.